வேலிக்காத்தானுக்கு எந்த ஆபீஸில் மனு கொடுப்பதுங்க?

கொறங்காட்டான்
வணக்கமுங்க. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வெள்ளகோவில் பக்கம் பதினோரு ஏக்கர் கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். தாத்தா காலத்திலிருந்து உழவில்லை, மாடும் செம்மறியும் மட்டும்தான். கிழக்கு வேலியை ஒட்டி வண்டிப்பாதை, அதை ஒட்டி ஓடை, ஓடை போய் விழுவது ஒரு குட்டையில். பாதை, ஓடை, குட்டை மூன்றும் இப்போது ஒரே வேலிக்காத்தான் (சீமைக்கருவேலம்) காடு. குட்டைக்குள் இறங்க வழி கிடையாது, தண்ணீர் நிற்கிறதா இல்லையா என்பதே மேலே ஏறி நின்று பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் காட்டுக்குள் வருவதை வருடா வருடம் பிடுங்குகிறோம். ஐப்பசி மழை விட்டு மண் ஈரம் காய்வதற்குள் பிடுங்கினால்தான் வரும். விரல் நீளம் கன்றுக்கு முழங்கை நீளம் வேர் இருக்கும். ஆனால் செம்மறி ஓடைப்பக்கம் போய் அந்த இனிப்புக் காயைத் தின்றுவிட்டு வந்து பட்டியில் புழுக்கை போடுகிறது. பட்டி மாற்றிய இடத்தில் அடுத்த மழைக்கு நாற்று விட்ட மாதிரி முளைத்து நிற்கிறது. விதைக்கு ஆட்டு வயிறு பக்குவம் பண்ணிக் கொடுக்கிறது போல.

அதனால் வெளியே இருப்பதை எடுத்தால்தான் எனக்கு விடிவு. சரி, மனு எழுதிக்கொண்டு போனேன். பாதை என்றால் ஊராட்சி என்றார்கள். ஊராட்சியில், ஓடை ரெவின்யூ புறம்போக்கு, அங்கே போங்க என்றார்கள். அங்கே போனால், மரம் என்றால் மதிப்புப் போட வனத்துறை வேண்டும் என்றார்கள். குட்டை ஊராட்சி ஒன்றியத்தில் வருகிறதா நீர்வளத்துறையில் வருகிறதா என்பதே தெளிவாக இல்லை. எந்த ஆபீஸ் என்று பெயர் போட விரும்பவில்லை, இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், டீ கூடக் கொடுத்தார்கள். ஆனால் நாலு நாள் பெட்ரோல் போனது.

என் கேள்வி: இந்தத் துறைகள் எல்லாம் சேர்ந்து வெளியூர்ச் செடியோ பூச்சியோ ஒன்றை உருப்படியாக அடக்கின கதை நம் பக்கத்தில் எதுவும் உண்டுங்களா? உண்டு என்றால் எப்படி?

தென்னைமட்டை
அண்ணா, ஜேசிபி வைத்து ஒரு ராத்திரியில் வழித்து எடுத்துவிட்டு, காலையில் யார் எடுத்தது என்று நீங்களும் சேர்ந்து கேளுங்கள். அதுதான் எங்கள் ஊர் முறை.

பழைய கோப்பு
தம்பி தென்னைமட்டை, அந்த யோசனை வேண்டாம். புறம்போக்கு மரத்தில் கை வைத்தால் கேஸ் உங்கள் அண்ணன் மேல்தான் விழும். நான் வருவாய்த் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன், இப்போது பேரனை ஸ்கூலுக்கு விடுவதுதான் வேலை. விஷயம் இதுதான்.

மரத்துக்குத் துறை கிடையாது, மண்ணுக்குத்தான் துறை. ஒரே விதையில் முளைத்த பத்து மரம் வரிசையாக நின்றாலும், முதல் மூன்று நெடுஞ்சாலைத் துறை, அடுத்த இரண்டு ஊராட்சி, நடுவில் ஒன்று பட்டா, மற்றது ஓடைப் புறம்போக்கு என்றிருக்கும். ரயில் பாதை ஓரம் என்றால் அது மத்திய அரசு. வி.ஏ.ஓ. மரக்கணக்கு எழுத வேண்டும், தாசில்தார் வழியாகக் கோப்பு நகர வேண்டும், வனத்துறை மதிப்புப் போட வேண்டும், அப்புறம் ஏலம். ஏலம் எடுத்தவன் எதற்கு எடுக்கிறான்? விறகுக்கு. திருப்பூர்ச் சாயப்பட்டறை பாய்லர், செங்கல் சூளை, கரிமூட்டம் இதற்குத்தான். அவன் கட்டை எடையைப் பார்ப்பானா, தூரைப் பார்ப்பானா? இடுப்பு உயரத்தில் அறுத்துவிட்டுப் போய்விடுவான். மழை பெய்தால் தூரிலிருந்து நாலு பக்கமும் தளிர் அடிக்கும். ஒரு மரம் நின்ற இடத்தில் ஒரு புதர். இந்த ஏலத்தை நான் பார்த்தவரை ஒழிப்பு என்று சொல்ல மாட்டேன், அறுவடை என்றுதான் சொல்லுவேன்.

2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை வேகமாக எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டு, வக்கீல் கமிஷனர்களை வைத்து மேற்பார்வை பார்த்தது. அந்த மூன்று நாலு மாதம்தான் எல்லாத் துறையும் ஒரே திசையில் ஓடி நான் பார்த்தது. காலையில் எத்தனை ஏக்கர், சாயங்காலம் எத்தனை ஏக்கர் என்று கணக்கு. அதே வருடம் சென்னையில் தடை வந்தது, மரத்தின் நன்மை தீமையை நிபுணர்கள் பார்த்துச் சொல்லட்டும் என்று. அன்றைக்கு ஜேசிபி திரும்பிப் போனது. வெட்டின இடத்தில் மறுபடி முளைத்ததைப் பார்க்கச் சொல்லி எந்த உத்தரவும் கோப்பில் இல்லை. அதற்கென்று காசும் இல்லை.

பட்டுக்கூடு
கொறங்காட்டான் அண்ணா, சேர்ந்து அடக்கின கதை கேட்டீர்களே, நான் அதற்குள் இருந்தவன். உடுமலைப் பக்கம் அப்போது எனக்கு மூன்று ஏக்கர் மல்பெரி.

பப்பாளி மாவுப்பூச்சி ஞாபகம் இருக்கிறதுங்களா? 2008ல் கோயம்புத்தூரில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள், மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. ஒன்றரை இரண்டு வருடத்தில் ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலம் எல்லாம் வெள்ளை. பப்பாளிக் காய் மேல் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். மல்பெரியில் நுனி சுருங்கி, இலை அடியில் பஞ்சு ஒட்டின மாதிரி, தொட்டால் பிசுபிசு. மருந்து அடித்தால் அந்த இலையைப் பட்டுப்புழுவுக்குப் போட முடியாது, நாள் விட வேண்டும். மருந்து அடிக்காவிட்டால் இலையே இல்லை. நாலாம் பருவத்துப் புழுவை, அது தலையைத் தூக்கி இலை தேடிக்கொண்டிருக்கும்போதே, எருக்குழியில் கொண்டுபோய்க் கொட்டினேன். வீட்டுக்காரி அன்றைக்குச் சோறு ஆக்கவில்லை. எங்கள் பக்கம் நிறையப் பேர் தோட்டத்தையே பிடுங்கிப் போட்டார்கள்.

மருந்துக்கு அது அடங்காது, மேலே மெழுகு இருக்கிறது. அடிக்க அடிக்க நல்ல பூச்சிதான் செத்தது. அப்புறம் 2010ல், பெங்களூரில் இருக்கிற மத்திய அரசுப் பூச்சி ஆராய்ச்சி நிலையம், அமெரிக்க வேளாண் துறையின் போர்ட்டோ ரிக்கோ ஆய்வகத்திலிருந்து ஒட்டுண்ணிக் குளவி மூன்று இனம் வரவழைத்தது. ஓர் உயிரை நாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்றால் தாவரப் பாதுகாப்பு, தனிமைப்படுத்தல் இயக்ககத்தின் அனுமதி வேண்டும், அவர்கள் தலைமை ஆபீஸ் பரீதாபாத்தில். வந்ததும் அப்படியே திறந்துவிட முடியாது, அடைத்து வைத்து வேறு எதையும் கெடுக்காதா என்று பார்க்க வேண்டும். பார்த்த பிறகு கோவை வேளாண் பல்கலைக்கழகம் வாங்கி வளர்த்தது. எதில் வளர்த்தார்கள் தெரியுங்களா, முளைவிட்ட உருளைக்கிழங்கில்! கிழங்கு முளையில் மாவுப்பூச்சியை ஏற்றி, அதில் குளவியை விட்டு. பேர் அசெரோபேகஸ் பப்பாயே, மூன்றில் அதுதான் நின்றது.

பட்டு வளர்ச்சித் துறைக்காரர் வண்டியில் வந்து சின்ன பிளாஸ்டிக் குப்பி ஒன்று கொடுத்தார். உள்ளே தூசி மாதிரி ஏதோ ஓடுகிறது, கொசுவில் பாதி கூட இல்லை. மூடியில் கொஞ்சம் தேன் தடவியிருந்தது. "பூச்சி அதிகமா இருக்கிற செடியில திறந்து வச்சிருங்க, ஆனா மருந்து பம்பைத் தொட்டுராதீங்க" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. இத்தனை லிட்டர் மருந்துக்கு அடங்காததை இந்தத் தூசியா அடக்கப் போகிறது என்று அவர் முகத்துக்கு நேராகவே சிரித்தேன். ஐந்தாறு மாதத்தில் பூச்சி போன இடம் தெரியவில்லை. இலை அடியில் உப்பிப்போன வெறும் கூடு ஒட்டியிருந்தது, அதில் குளவி வெளியே வந்த ஓட்டை. இன்றைக்கும் அங்கங்கே பூச்சி இருக்கிறது, குளவியும் இருக்கிறது. நான் எதுவும் செய்வதில்லை.

கொறங்காட்டான்
பட்டுக்கூடு தம்பி, படித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். புழுவைக் கொட்டின இடம் நெஞ்சில் நிற்கிறது.

அப்படியென்றால் பூச்சிக்கு இரண்டு வருடத்தில் முடிகிறது, அதுவும் நாடு விட்டு நாடு பேசி. நம் ஊர் ஓடையில் இருக்கிற மரத்துக்கு ஏன் முடியவில்லை? பரீதாபாத்தும் பெங்களூரும் கோயம்புத்தூரும் பேசிக்கொள்ள முடிகிறது, ஒரே காம்பவுண்டில் இருக்கிற இரண்டு ஆபீஸ் பேசிக்கொள்ள முடியவில்லையே.

குச்சிக்கிழங்கு
ராசிபுரத்திலிருந்து எழுதுகிறேன். பட்டுக்கூடு சொன்னது முழுக்க உண்மை, ஆனால் கொஞ்சம் இனிப்பாக இருக்கிறது. எங்களுக்கு அதே மாதிரி இன்னொன்று வந்தது, மரவள்ளி மாவுப்பூச்சி. 2020ல் கேரளாவில் கண்டார்கள், பார்ப்பதற்குள் நாமக்கல் சேலம் எல்லாம் வந்துவிட்டது. செடி நுனி முடிக்கொத்து மாதிரி சுருண்டு, கணு கணுவாகக் குட்டையாகி நின்றுவிடும். இதற்கும் குளவி இருக்கிறது, அனாகைரஸ் லோபெசி. ஆப்பிரிக்காவில் இதே பூச்சி மரவள்ளியை அழித்தபோது தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோய் விட்டு அடக்கினார்கள், அதற்காக ஹான்ஸ் ஹெரன் என்பவருக்கு 1995ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். அதாவது மருந்து இன்னது என்று உலகத்துக்கே தெரியும். பெனினிலிருந்து வரவழைத்து, பெங்களூரில் வைத்துப் பார்த்து, ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டது 2022 மார்ச்சில். இவ்வளவு சீக்கிரம் வந்ததே பழைய பப்பாளி அனுபவத்தால்தான், அதை மறுக்கவில்லை.

ஆனால் பரவினது எதனாலே? நாம் கொண்டுபோன குச்சியால். ஒரு ஊரில் கிழங்கு பிடுங்கினதும் குச்சியைக் கட்டி டெம்போவில் ஏற்றி நாற்பது கிலோமீட்டர் தள்ளி விற்கிறோம். பூச்சிக்கு டிக்கெட் இல்லாத பயணம். வெளிநாட்டிலிருந்து ஒரு குச்சி வந்தால் 1914ஆம் வருடச் சட்டமும் 2003 தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையும் துறைமுகத்தில் நிற்கிறது. ராசிபுரத்திலிருந்து ஆத்தூருக்குப் போகிற குச்சியை யார் நிறுத்துகிறார்கள்? நான் வாங்கும்போது நானும் நுனியைத் திருப்பிப் பார்க்கவில்லை, சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

பழைய கோப்பு
நிறுத்தச் சட்டம் இருக்கிறது தம்பி. 1919லேயே சென்னை மாகாணத்தில் பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம் போட்டார்கள். இன்ன பூச்சி, இன்ன பகுதி என்று அரசு அறிவித்தால், காட்டுக்காரர் நடவடிக்கை எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அரசே உள்ளே வந்து எடுத்துவிட்டுச் செலவை அவரிடம் வசூலிக்கலாம். கோவைப் பக்கம் கம்போடியாப் பருத்தி போட்ட காலத்தில், கட்டையை இன்ன தேதிக்குள் பிடுங்கிவிட வேண்டும் என்று உத்தரவு இருந்ததை என் அய்யன் சொல்லுவார். பிடுங்காதவன் காட்டில் ஆள் இறங்குமாம். இன்றைக்கு அதைக் கையில் எடுத்தால் எந்த அதிகாரிக்கும் ஓட்டுக்காரரிடம் பதில் சொல்லி மாளாது.

தென்னைமட்டை
நான் இப்போது விளையாட்டாக எழுதவில்லை. பொள்ளாச்சிக்காரன் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சுருள் வெள்ளை ஈ, 2016ல் இந்தியாவிலேயே முதலில் கண்டது எங்கள் பொள்ளாச்சியில்தான், இந்தப் பெருமை எங்களுக்கு வேண்டாம். மட்டை அடியில் வட்ட வட்டமாக வெள்ளைக் கோலம், அது ஒழுகவிடுகிற இனிப்புத் தண்ணீர் கீழ் மட்டையில் விழுந்து கரும்பூசணம் பிடித்து, தோப்பே புகைக்கூண்டு மாதிரி. மரத்தடியில் வண்டி நிறுத்தினால் சீட்டில் உட்கார முடியாது, ஒட்டும்.

சரி, ஆலோசனை என்ன? மஞ்சள் ஒட்டுப்பொறி, விளக்கெண்ணெய் தடவி ஏக்கருக்கு எட்டுப் பத்து கட்டு. கரும்பூசணத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா கரைத்து அடி, காய்ந்து உதிரும். மருந்து மட்டும் அடிக்காதே, என்கார்சியா என்கிற குளவி தானாக வந்திருக்கிறது, அது செத்துவிடும். எல்லாம் சரியான பேச்சு, பின்னாடி தெரிந்தது. ஆனால் நாற்பதடி மரத்துக்கு யார் மைதா அடிப்பது? அதோடு, ஆழியாறு ஆராய்ச்சி நிலையம் மருந்து வேண்டாம் என்று கூட்டம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்த அதே மாதம், ஒரு மருந்துக்கடையில் எனக்கு இரண்டு பாட்டில் கட்டிக் கொடுத்தார்கள், அடித்தேன், ஒரு மாதம் குறைந்தது, அப்புறம் முன்னைவிட அதிகமாக வந்தது. பக்கத்துத் தோப்பு அடிக்கவில்லை, அங்கே மெல்லக் குறைந்தது. என் தப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் துறைகள் சேர்ந்து வேலை செய்கின்றன என்றால், மருந்துக்கடைக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு நாற்காலி போட வேண்டாமா? விவசாயி முதலில் போகிற இடம் அதுதானே.

பட்டுக்கூடு
அந்த நாற்காலி விஷயம் நூற்றுக்கு நூறு. இன்னொன்றும் இருக்கிறது மாப்ள. ஒரு பூச்சி, ஆனால் தென்னை வேளாண்மைத் துறை, வாழை தோட்டக்கலைத் துறை, மல்பெரி பட்டுத் துறை. வெள்ளை ஈக்கு இது தெரியாது, தென்னையிலிருந்து வாழைக்குப் பறந்துவிடும். பப்பாளி மாவுப்பூச்சி அதற்கும் மேலே, ரோட்டோரப் பார்த்தீனியத்திலும் துத்தியிலும் இருந்து பிழைத்துக்கொள்ளும். அது நெடுஞ்சாலைத் துறை! குளவி ஜெயித்ததே இதனால்தான் என்று நான் நினைக்கிறேன். குப்பியிலிருந்து வெளியே போன பிறகு அது யாரிடமும் தடையில்லாச் சான்று கேட்கவில்லை, பட்டா புறம்போக்கு பார்க்கவில்லை. மனுசன் சேர வேண்டியது குப்பி வரைக்கும்தான், அதற்கு மேல் அது பார்த்துக்கொண்டது. சீமைக்கருவேலத்துக்கு அப்படிப் பறக்கிற ஆள் இல்லை அண்ணா, ஒவ்வொரு தூருக்கும் மனுசன் போய்த்தான் ஆக வேண்டும். நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

அடுப்படி
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் ஒழிக்க வேண்டும் என்றே பேசுகிறீர்கள். மூலனூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பாதி வீட்டு அடுப்பு வேலிக்காத்தானில்தான் எரிகிறது, சிலிண்டர் விலை தெரியும்தானே. எங்கள் அம்மா கை முழுக்க அந்த முள் குத்தின தழும்பு, ஆனாலும் அதைத் திட்டமாட்டார். கோடையில் ஒரு பச்சையும் இல்லாதபோது ஆடு அந்தக் காயைத்தான் பொறுக்கித் தின்கிறது. எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுக்கிற இடத்தில் வேறு விறகு மரம் என்ன வைப்பீர்கள் என்று மனுவில் ஒரு வரி எழுதுங்கள் அண்ணா.

கொறங்காட்டான்
எழுதுகிறேன் அம்மிணி. வெள்வேல் வைக்கலாம், நெற்று ஆட்டுக்கு, கிளை அடுப்புக்கு, அதன் நிழலில் புல்லும் வரும். சீமைக்கருவேலத்துக்கு அடியில் புல் வராது, அதுதான் எனக்கு ஆத்திரமே.

கேள்விப்பட்டது
இந்த மரத்தை நம் நாட்டை நாசம் பண்ண அமெரிக்காக்காரன் காமராஜர் காலத்தில் விமானத்தில் தூவினான் என்று வாட்ஸப்பில் வந்ததே, அதைப் பற்றி ஒருத்தரும் பேசக் காணோம்?

பழைய கோப்பு
அது கட்டுக்கதை சாமி. 1876-77ல் சென்னை மாகாண வனத்துறையின் கர்னல் பெடோம் விறகுத் தட்டுப்பாட்டுக்கு என்று ஜமைக்காவிலிருந்து விதை கேட்டு எழுதி வரவழைத்தது. அதாவது கொண்டுவந்தது ஒரு துறை, எடுக்கச் சொல்வது இன்னொன்று, நூற்றைம்பது வருடம் இடையில். உண்ணிச்செடி (லேண்டானா) அதற்கும் முன்னாடி, 1809ல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காக வந்தது.

தாளவாடிக்காரன்
உண்ணிச்செடி என்று சொன்னீர்கள், அதற்காக உள்ளே வருகிறேன். எங்கள் மலையில் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் முழுக்க அதுதான். ஆள் உயரத்துக்கு மேலே பின்னிக்கொண்டு, யானைக்குப் புல் இல்லை, மாட்டுக்கு வழி இல்லை, உள்ளே என்ன படுத்திருக்கிறது என்று நமக்கும் தெரியாது. மழை முடிந்து பூ வரும்போது பார்க்க அழகுதான், குருவி பழம் தின்று எங்கும் விதைத்துவிடும்.

இங்கே நிலம் ஒரே துறை, வனத்துறை. பழைய கோப்பு அய்யா சொல்கிற சர்வே எண் சிக்கல் கிடையாது. அப்படியும் முடியவில்லை, ஏன்? கூலி கொடுத்து ஒரு வருடம் தூரோடு எடுக்கிறார்கள், அடுத்த மூன்று வருடம் முளைப்பதைப் பிடுங்க ஆள் வேண்டும். அந்த மூன்று வருடத்துக்குக் காசு தொடர்ந்து வந்தால்தான் புல் ஏறும். இன்னொன்று, எங்கள் சோளகர் பெரியவர்களும் பக்கத்து பிளிகிரிரங்கன் மலைச் சோளகரும் ஒரே மாதிரி சொல்வது: முன்காலத்தில் தை, மாசியில் சருகுக்கு மெல்லிசாகத் தீ வைப்போம், உண்ணிச்செடி கன்றிலேயே கருகிவிடும், தீ வைக்காதே என்று நிறுத்தினதிலிருந்துதான் இது காடேறியது. ஆராய்ச்சிக்காரர்களும் பிளிகிரியில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வனத்துறைக்குத் தீ என்றாலே பயம், அதுவும் நியாயம்தான், இன்று உண்ணிக் காட்டில் தீ பிடித்தால் மெல்லிசாக நிற்காது. ஆனால் 2006 வன உரிமைச் சட்டப்படி காட்டைப் பேணுகிற உரிமை கிராம சபைக்கும் இருக்கிறது. கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கலாம், கூலிக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள்.

புகளூர் லோடு
காகிதபுரத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். காகித ஆலைக்குத் தைலமரமும் சவுக்கும் லாரி லாரியாகப் போவது எங்களுக்குத் தினசரிக் காட்சி. முதுமலையில் மஞ்சக்கொன்னை (சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்கிற வெளிநாட்டு மரம்) பரவினதை எடுத்து எங்கள் ஊர் ஆலையான டிஎன்பிஎல்லுக்குக் கூழ் மரமாகக் கொடுக்க அரசு முடிவு பண்ணினது 2022, 2023 வாக்கில். இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. வனத்துறைக்கு வெட்டுகிற செலவு மிச்சம், ஆலைக்கு மரம், ஆலையும் அரசு நிறுவனம் என்பதால் தனியார் கான்ட்ராக்டர் காட்டுக்குள் நுழைகிற பயம் குறைவு. கேரளாவிலும் அவர்கள் அரசுக் காகித ஆலைக்கு இதே மாதிரி கொடுத்தார்கள். அது தேவைதான், ஏனென்றால் வயநாட்டில் நிழலுக்கும் விறகுக்கும் நட்டது எல்லை தாண்டி முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் வந்திருக்கிறது. ஒரு மாநிலம் மட்டும் எடுத்துப் புண்ணியமில்லை.

பழைய கோப்பு
நல்ல ஏற்பாடுதான், ஒரு சந்தேகம் மட்டும். ஆலைக்கு வேண்டியது தடித்த கட்டை. விரல் தண்டி கன்றும் வெட்டின தூரில் வருகிற தளிரும் ஆலைக்கு வேண்டாம். மஞ்சக்கொன்னையை வெட்டினால் ஒரு தூரில் பத்துப் பதினைந்து தளிர் வரும். நான் முன்னாடி சொன்ன ஏலக்காரர் கதைதான், சட்டை மட்டும் வேறு. தூரையும் நீதான் எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் நாட்டுப் புல்லும் மரமும் வருகிறவரை காசு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதினால் சரி.

கோர்ட்டுக்கட்டு
சட்டம் படிக்கிற மாணவி. இரண்டு தகவல் சேர்த்துவிடுகிறேன். தமிழ்நாடு அரசு 2022ல் அயல் ஊடுருவல் தாவரங்களுக்கும் வாழிட மீட்டெடுப்புக்கும் என்று தனிக் கொள்கையே வெளியிட்டது, நீதிமன்றத்தின் நெருக்கடியும் அதற்கு ஒரு காரணம். அதில் வெறும் வெட்டுவது இல்லை, மீட்டெடுப்பும் பெயரிலேயே இருக்கிறது. அதே வருடம் மத்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 62ஏ என்று புதுப்பிரிவு சேர்த்தார்கள், அயல் ஊடுருவல் உயிரினங்களை இறக்குமதி செய்வது, வைத்திருப்பது, பரப்புவதை மத்திய அரசு கட்டுப்படுத்தலாம். புதிதாக வருவதைத் தடுக்க இது உதவும். உங்கள் ஓடையில் ஏற்கெனவே நிற்பதற்கு உங்கள் மாவட்டக் கலெக்டர்தான் அண்ணா. வேறு வேறு துறையை ஒரு மேசையில் உட்காரவைக்கிற அதிகாரம் அங்கேதான் இருக்கிறது.

நொய்யல்கரை
கோவைக் குளங்களில் ஆகாயத்தாமரை கதையும் இதுதான், சுருக்கமாக: அள்ளுகிறோம், மூன்று மாதத்தில் மூடுகிறது. குளத்தில் சாக்கடை விழுகிற வரை அது செடி இல்லை, உரம் போட்ட பயிர். அள்ளுவது ஒரு துறை, சாக்கடையை நிறுத்த வேண்டியது வேறு துறை. தன்னார்வலர்களோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை அள்ளியிருக்கிறேன், இடுப்பு வலி மட்டும் எனக்கே சொந்தம்.

கொறங்காட்டான்
எல்லோருக்கும் நன்றிங்க. பழைய கோப்பு அய்யா தனிச்செய்தியில் சொன்னபடி செய்தேன். வி.ஏ.ஓ.விடம் 'அ' பதிவேடு (எந்த நிலம் என்ன வகை என்ற கிராமக் கணக்கு) பார்த்து பாதை, ஓடை, குட்டை மூன்றுக்கும் சர்வே எண் தனித்தனியாகக் குறித்துக்கொண்டேன். குட்டை ஒன்றியத்தில்தான் வருகிறது, நீர்வளத்துறை இல்லை. இந்த ஒரு வரி தெரியாமல்தான் அந்த நாலு நாள் அலைந்தேன். மாதாமாதம் கலெக்டர் ஆபீஸில் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் எல்லாத் துறையும் உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் அங்கேயே ஒரே மனுவாகக் கொடுத்தேன், மூன்று எண்ணும் ஒரே தாளில். அடுப்படி அம்மிணி சொன்ன வெள்வேல் வரியும் உண்டு. தூரோடு எடுக்க வேண்டும், ஏலம் விட்டால் அதை நிபந்தனையாகப் போட வேண்டும், அடுத்த மூன்று மழைக்கும் கன்று பிடுங்க நூறு நாள் வேலையில் ஆள் ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். பெரிய அதிகாரி ஒருத்தர் மூன்றாவது வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இதை யாரும் கேட்டதில்லைங்களே" என்றார். கிராம சபைத் தீர்மானம் இருந்தால் நல்லது என்றார், அடுத்தது நவம்பர் 1, உள்ளாட்சி தினம். தலைவரிடம் பேசியிருக்கிறேன். நடக்குமா நடக்காதா, பார்ப்போம்.

அதுவரை ஆட்டை ஓடைப்பக்கம் விடாமல் மேற்கே திருப்பிவிட்டேன். காய் காலத்தில் இரண்டு மாதம் ஒரு ஆள் கூடவே நிற்க வேண்டியிருக்கிறது, செம்மறிக்கு அந்த வாசம் எப்படியோ தெரிந்துவிடுகிறது.

தென்னைமட்டை
அண்ணா, ஏலத்தில் நிபந்தனை போட்டால் ஒருத்தனும் கேட்க வரமாட்டான், பாருங்கள்.

பழைய கோப்பு
வரவில்லை என்றால் அதையே மினிட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏலம் போகவில்லை என்று எழுதினால்தான் செலவு செய்து எடுக்கக் கோப்பு நகரும். தேதி போட்ட ரசீது வாங்கினீர்களா தம்பி?

கொறங்காட்டான்
வாங்கிட்டனுங்க. பீரோவில் பத்திரமாக இருக்கிறது.